மூன்றாம் ஊசி யார் பொறுப்பு?

(செவிலிய, மருத்துவ மாணவர்கள் முன் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘கல்லீரல் நோய்களும் சமூகமும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அடங்காத தலைப்பு. அதை ஒரே ஒரு கேள்வியாகச் சுருக்கிக்கொள்ள உங்கள் அனுமதி வேண்டும். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி மூன்று தவணையாகப் போடப்படுகிறது. இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. முதல் ஊசியைப் போடுவது எளிது. முகாம் நடத்தலாம், புகைப்படம் எடுக்கலாம், செய்தித்தாளுக்கு அனுப்பலாம். ஆறாம் மாதம் வரவேண்டிய மூன்றாம் ஊசிக்கு முகாமும் கிடையாது, புகைப்படமும் கிடையாது. அந்த ஊசி யார் பொறுப்பு?

ஊழியர் தாமாக நினைவு வைத்துக்கொண்டு வந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் எழுதப்படாத விதி. அது தவறு, மூன்றாம் ஊசி மருத்துவமனையின் கடமை, சம்பளப் பட்டியலைப் போல அதற்கும் ஏடு இருக்க வேண்டும் என்பதே இன்று நான் வாதிட வந்திருப்பது.

1. பயத்தின் வரிசை தலைகீழாக இருக்கிறது

பயிற்சி மாணவிக்கு வார்டில் ஊசி குத்திவிட்டால் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி எது? “பேஷன்ட்டுக்கு எச்.ஐ.வி. இருக்கா சிஸ்டர்?” அவரைக் குறை சொல்ல முடியாது. சுவரொட்டிகளும் திரைப்படங்களும் நமக்குக் கற்றுத்தந்த பயம் அதுதான். ஆனால் தொற்றுநோய்க்காரர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பழைய கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு எச்.ஐ.வி.க்கு நூற்றுக்கு 0.3, ஹெபடைடிஸ்-சிக்கு 3, தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ்-பி 30 வரை. சி-யின் எண் பிற்கால ஆய்வுகளில் இன்னும் இறங்கிவிட்டது. பி-யின் எண்ணும் நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பதைப் பொறுத்து மாறும்; இ-ஆன்டிஜன் உள்ளவரின் இரத்தம் என்றால் அதிகம், இல்லாதவருடையது என்றால் குறைவு. எப்படிப் பார்த்தாலும் நாம் அதிகம் பயப்படும் வைரஸைவிட, காதில் போட்டுக்கொள்ளாத வைரஸ் பல மடங்கு எளிதாக ஒட்டிக்கொள்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேசையில் சிந்தி, காய்ந்துபோன இரத்தத்தில் இந்த வைரஸ் ஏழு நாளாவது தொற்றும் திறனோடு இருக்கும். அதனால்தான் ஊசி குத்தியதாக நினைவே இல்லாத ஊழியர்களுக்கும் இது வந்திருக்கிறது. விரலில் ஒரு கீறல், நகக்கண்ணில் ஒரு பிளவு போதும்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வயதுவந்த ஒருவருக்குத் தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடலே வைரஸை விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் கதை நேர் எதிர். பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட்டு நிற்கும். “பெரியவர்களுக்குத்தான் போய்விடுமே” என்று ஒரு மூத்த மருத்துவர் என்னிடம் வாதிட்டதுண்டு. போய்விடாத அந்தச் சிலருக்கு ஈரல் சுருக்கமும் புற்றும் காத்திருக்கின்றன. தடுக்க ஊசி இருக்கும்போது அந்தச் சிலராக யார் இருப்பது என்று சீட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டியதில்லை.

2. ஊழியர்கள் எப்படிக் கண்ணில் பட்டார்கள்

இரத்த வங்கி ஊழியர் ஒருவருக்கு ‘சீரம் ஹெபடைடிஸ்’ வந்ததை அமெரிக்க மருத்துவ இதழ் 1949-இல் பதிவு செய்தது. அப்போது அந்த வைரஸைக் கண்டறியப் பரிசோதனை இல்லை. 1960-களின் நடுவில் பரூக் பிளம்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் ஒரு புது ஆன்டிஜனைக் கண்டார். அவர் மஞ்சள் காமாலையைத் தேடிப் போனவரே அல்லர். மனிதக் கூட்டங்களுக்கிடையே இரத்தப் புரதங்கள் எப்படி வேறுபடுகின்றன என்று பார்க்கப் போனவர். அந்த ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’தான் இன்று நம் லேப் சீட்டில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று வருவது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-ஐத்தான் உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கொண்டாடுகிறோம்.

மருத்துவ உலகை உலுக்கிய நிகழ்ச்சி ஸ்காட்லாந்தில் நடந்தது. 1969-70-இல் எடின்பரோ ராயல் இன்பர்மரியின் டயாலிசிஸ், சிறுநீரக மாற்றுப் பிரிவுகளில் இந்த நோய் பரவியது. இறந்தவர்கள் 11 பேர். அவர்களில் 4 பேர் ஊழியர்கள். நோயாளிக்கு வருவது ஊழியருக்கும் வரும் என்பது புத்தகத்தில் இருந்த செய்தி. நான்கு சவப்பெட்டிகளுக்குப் பிறகுதான் அது நிர்வாகத்தின் மேசைக்கு வந்தது. 1972-இல் ரோசன்ஹைம் குழுவின் அறிக்கை டயாலிசிஸ் பிரிவுகளின் நடைமுறையையே மாற்றியது.

அதற்கு அடுத்த பத்தாண்டில் தடுப்பூசி வந்தது. அமெரிக்காவில் 1981-இல் அனுமதி, மறு ஆண்டே மருத்துவ ஊழியர்களுக்குப் பரிந்துரை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த, மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய பகுதி வருகிறது. முதல் தடுப்பூசி, வைரஸைச் சுமந்தவர்களின் இரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் எய்ட்ஸ் தலைகாட்டியது; பிளாஸ்மா வழியே அதுவும் வந்துவிடுமோ என்ற பயம் எழுந்தது. அந்தத் தடுப்பூசியை உருவாக்கிய மாரிஸ் ஹில்மனின் குழு அந்தப் பிளாஸ்மாவைப் பெப்சின், யூரியா, ஃபார்மலின் என்று மூன்று கட்டமாகச் சுத்திகரித்தது. எந்த வைரஸும் அதில் பிழைக்காது. ஆனாலும் ஊழியர்கள் கை நீட்டவில்லை. அறிவியல் படித்தவர்கள், நோயைக் கண்ணெதிரே பார்த்தவர்கள், ஊசியை மறுத்தார்கள். 1986-இல் ஈஸ்ட்டில் தயாரித்த மரபணு மறுசேர்க்கைத் தடுப்பூசி வந்த பிறகு அந்தப் பயத்துக்கு அடிப்படையே போயிற்று. அப்போதும் ஊசி எல்லோரையும் எட்டவில்லை.

1991 டிசம்பரில் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை ஒரு விதி கொண்டுவந்தது. இரத்தத்தைத் தொடும் வேலையில் ஒருவரை அமர்த்தினால், பத்து வேலை நாளுக்குள், வேலை நேரத்திலேயே, செலவில்லாமல் தடுப்பூசி தர முதலாளி முன்வர வேண்டும். வேண்டாம் என்பவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பிறகு மனம் மாறினால் அப்போதும் இலவசம். இந்த விதியின் அழகைக் கவனியுங்கள். யாரையும் பிடித்து வைத்து ஊசி போடவில்லை. ஆனால் ‘மறந்துவிட்டேன்’ என்ற மூன்றாவது வழியை அடைத்துவிட்டது. ஒன்று ஊசி, அல்லது கையெழுத்து. இரண்டில் ஒன்று கோப்பில் இருந்தாக வேண்டும்.

அமெரிக்க மருத்துவ ஊழியர்களிடையே 1983-இல் சுமார் 17,000 ஆக மதிப்பிடப்பட்ட புதுத் தொற்றுகள் 1995-இல் 400 ஆகின. இந்தச் சரிவு முழுவதையும் சட்டத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. கையுறைப் பழக்கம், எந்த நோயாளியின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதும் நடைமுறை ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அந்தச் சரிவை நிலைக்க வைத்தது கோப்பு என்பது என் முடிவு.

3. நம்மிடம் என்ன இருக்கிறது

ஊசி இருக்கிறது. இறக்குமதி ஊசி நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாத விலையில் விற்ற காலத்தில், ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் உள்நாட்டிலேயே மறுசேர்க்கைத் தடுப்பூசியைத் தயாரித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலை சரிந்தது. குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 2002-03-இல் முன்னோட்டமாகச் சேர்ந்து, 2007-08-இல் தமிழ்நாடு உள்ளிட்ட பத்து மாநிலங்களுக்கும், 2011-இல் நாடு முழுதுக்கும் விரிந்தது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியை நாட்டிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்.

இந்த ஆண்டுகளை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 2007-08-இல் பிறந்த குழந்தை 2025-26-இல்தான் பதினெட்டைத் தொடுகிறது. ஆக, இன்று வார்டில் நிற்கும் ஸ்டாஃப் நர்ஸ், லேப் டெக்னீஷியன், அறுவை அரங்க உதவியாளர், தூய்மைப் பணியாளர் ஆகியோரில் பெரும்பாலோர் அரசுத் திட்டத்தின் குழந்தைகள் அல்லர். “இப்போதெல்லாம் குழந்தையிலேயே போட்டுவிடுகிறார்களே” என்ற பேச்சு இந்த அரங்கின் முன்வரிசை மாணவியருக்கு ஓரளவு பொருந்தலாம். அவர்களுக்குப் பாடம் நடத்துபவர்களுக்குப் பொருந்தாது.

சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் மருத்துவ ஊழியருக்கும் மற்றவருக்கும் ஹெபடைடிஸ்-பி, டெட்டனஸ் உட்பட்ட தடுப்பூசிகளைப் போடுவது மருத்துவமனை நடத்துபவரின் கடமை என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. ‘மற்றவர்’ என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டமும் மருத்துவ ஊழியர் தடுப்பூசியைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. ஊசியும் சட்டமும் திட்டமும் இருக்க, மீதம் என்ன இல்லை?

4. ஆறு மாதக் கணக்கு

மீதம் இல்லாதது ஆறு மாதம். ஆரோக்கியமான இளைஞருக்கு முதல் ஊசிக்குப் பின் போதுமான எதிர்ப்பு உண்டாவது நூற்றில் 30 முதல் 55 பேருக்கு. இரண்டாவதுக்குப் பின் 75 பேருக்கு. மூன்றாவதுக்குப் பின்தான் அது 90-ஐத் தாண்டுகிறது. இரண்டு ஊசியோடு நின்றவர் “நான் போட்டுக்கொண்டேன்” என்பார். பொய்யில்லை. ஆனால் நால்வரில் ஒருவர் வெறுங்கையோடு நிற்கிறார், அது யாரென்று அவருக்கே தெரியாது.

இப்போது நம் மருத்துவமனைகளின் ஆள் எடுக்கும் முறையைப் பாருங்கள். தரை துடைப்பது, கழிவு அள்ளுவது, துணி வெளுப்பது, வண்டி தள்ளுவது எல்லாம் ஒப்பந்த நிறுவனத்தின் கையில். பணியாளர் இந்த மாதம் இங்கே, இரண்டு மாதம் கழித்து வேறு ஊரில், அல்லது வேறு வேலையில். ஒப்பந்தமே கை மாறினால் பழைய நிறுவனத்தின் ஏடும் அதோடு போய்விடும். முதல் ஊசி போட்ட மருத்துவமனைக்கு அவர் ‘நம் ஆள் இல்லை’. ஒப்பந்ததாரருக்கு ஊசி ‘ஆஸ்பத்திரி வேலை’. இரண்டுக்கும் நடுவே மூன்றாம் ஊசி விழுந்துவிடுகிறது.

ஆனால் ஆபத்து யாரிடம் போய்ச் சேர்கிறது? மருத்துவர் ஊசி போடும்போது அது அவர் கண்ணெதிரே இருக்கிறது. செவிலியர் மூடியை மறுபடி மாட்டும்போது குத்தினாலும், எந்த நோயாளியின் ஊசி என்று தெரியும். தூய்மைப் பணியாளருக்குக் குத்துவது கறுப்புப் பையின் அடியில், குப்பைக்குள் மறைந்து கிடந்த ஊசி. யாருடையது, என்று எறிந்தது, ஒன்றும் தெரியாது. விதிப்படி ஊசியும் பிளேடும் வெள்ளை நிறத்தில் உள்ள, துளைக்க முடியாத பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். போடாமல் விட்டவர் படித்தவர். குத்து வாங்குபவர் சம்பளத்தில் கடைசியில் இருப்பவர். அவருடைய ஊசிக் குத்துப் பதிவேட்டில் ஏறுவதும் அபூர்வம். சொன்னால் ‘கவனமா இருக்கத் தெரியாதா’ என்ற ஏச்சுத்தான் மிஞ்சும் என்று அவருக்குத் தெரியும்.

2016 விதியில் ‘மற்றவர்’ என்று எழுதியவர்கள் இவரை நினைத்துத்தான் எழுதினார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்குத் தீர்வு கடினமே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். இடைவெளி விழுந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று பல கிளினிக்குகளில் இன்னும் சொல்கிறார்கள். வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டாம் ஊசி போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தாலும் மூன்றாவது மூன்றாவதுதான். மறுபுறம், ஆறு மாதம் காத்திருக்க முடியாத இடத்தில் நான்காம் மாதத்திலேயே முடித்துவிடலாம்: முதல் இரண்டுக்கும் நடுவே நான்கு வாரம், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே எட்டு வாரம், முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே பதினாறு வாரம் இருந்தால் போதும். அடிக்கடி ஆள் மாறும் ஒப்பந்தப் பிரிவுக்கு இந்தக் குறுகிய அட்டவணையையே வழக்கமாக்கலாம். அட்டை பணியாளரின் கையில் இருக்கட்டும், நகல் மருத்துவமனையில் இருக்கட்டும். ஒப்பந்ததாரரின் பில் பணமாக வேண்டுமென்றால் தடுப்பூசிப் பட்டியல் அதோடு இணைந்திருக்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேருங்கள். பில்லோடு கட்டப்பட்ட எதையும் நம் ஊரில் யாரும் மறப்பதில்லை.

5. டைட்டர்

மூன்று ஊசியும் போட்டாயிற்று. எதிர்ப்பு வந்ததா? மூன்றாவதுக்குப் பின் ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் ஆன்டி-எச்.பி.எஸ். அளவை, அதாவது டைட்டரை, பார்த்தால் தெரியும். 10 அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் அவர் பாதுகாப்பில் இருக்கிறார். பின்னாளில் எண் இறங்கினாலும் ஆரோக்கியமானவருக்குக் கவலையில்லை. உடல் நினைவு வைத்திருக்கும். சிலருக்கு, அதிலும் நாற்பதைத் தாண்டியவர், பருத்த உடலினர், புகைப்பவர் ஆகியோருக்கு, எதிர்ப்பு வராமலே போகும். அவர்களுக்கு இன்னொரு முழுச் சுற்று. அதற்கும் வராவிட்டால் அது குற்றமல்ல. ஆனால் அவர் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஊசி குத்தினால் அவருக்கு இம்யூனோகுளோபுலின் வேண்டும், அதுவும் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள், ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை.

ஒரு சிறு விஷயம்: ஊசியைப் புஜத்தில் போடுங்கள். இடுப்பில் போட்டால் எதிர்ப்புக் குறைவாக வருகிறது. மாணவியர் கூச்சப்பட்டுக் கேட்டார்கள் என்று சலுகை காட்ட வேண்டாம்.

6. கீழாநெல்லி

கீழாநெல்லியைச் சொல்லாமல் தமிழ் மேடையில் காமாலை பற்றிப் பேச முடியாது. இந்தக் கதையில் சென்னைக்கு ஒரு கௌரவமான இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழு, வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்து, 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்டது. மருந்து கொடுத்தவர்களில் நூற்றுக்கு 59 பேரின் இரத்தத்தில் ஆன்டிஜன் மறைந்ததாகவும், வெறும் மாத்திரை கொடுத்தவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கே மறைந்ததாகவும் அந்தக் கட்டுரை சொன்னது. ஆன்டிஜனைக் கண்டறிந்த அதே பிளம்பெர்க்கும் இந்தச் செடியில் ஆர்வம் கொண்டு ஆய்வு செய்தவர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து உட்படப் பிற இடங்களில் செய்து பார்த்தபோது அந்த முடிவு திரும்ப வரவில்லை. பிந்தைய தொகுப்பாய்வுகளும் போதிய சான்று இல்லை என்றே முடித்தன.

நாட்டு மருந்தைக் கேலி செய்ய இதை நான் எடுக்கவில்லை. நம் மண்ணின் செடியை ஒழுங்கான சோதனைக்கு உட்படுத்திய அந்தத் துணிவை வணங்குகிறேன். ஆனால் ‘கீழாநெல்லி சாப்பிடுகிறேன், ஊசி எதற்கு’ என்று தூய்மைப் பணியாளர் ஒருவர் கேட்டால் பதில் தெளிவாக இருக்க வேண்டும். தொற்றாமல் தடுக்கும் என்று அந்தச் செடியைப் பற்றித் தரமணிக் கட்டுரையும் சொல்லவில்லை.

7. பாசிட்டிவ் என்றால் வேலை போகுமா?

ஊசிக்கு முன் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பார்க்கச் சொன்னால் பலர் நழுவுவார்கள். ஊசி வலிக்குப் பயந்து அல்ல. வளைகுடா நாடுகளின் விசா மருத்துவப் பரிசோதனையில் இந்த ஒரு சோதனை பாசிட்டிவ் என்றால் ‘அன்ஃபிட்’ முத்திரை. கடன் வாங்கிப் படித்து, குவைத்துக்கோ சவுதிக்கோ போகக் காத்திருக்கும் செவிலியருக்கு அது குடும்பத்தின் எதிர்காலம். உள்ளூரிலும் விஷயம் பரவினால் டியூட்டி மாற்றம், ஒதுக்கம், மெல்ல விலகச் சொல்லும் குறிப்பு.

எச்.ஐ.வி. உள்ளவருக்கு வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஹெபடைடிஸ்-பி உள்ளவருக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. மருத்துவ ரீதியாகப் பார்த்தால் ஒதுக்க வேண்டிய காரணமும் இல்லை. வார்டு வேலை, மருந்து கொடுப்பது, சாதாரண ஊசி போடுவது எதற்கும் தடை வேண்டாம் என்பதே மேலைநாட்டு வழிகாட்டுதல்களின் நிலை. உடலுக்குள் கைவிட்டுச் செய்யும் சில அறுவை சிகிச்சைகளுக்கு மட்டும் இரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அந்த அளவைக் குறைக்க டெனோஃபோவிர் இருக்கிறது, தேசியத் திட்டத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. வேலை போகாது என்று நிர்வாகம் எழுத்தில் உறுதி தராதவரை யாரும் முன்வந்து சோதித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் முன்வராததற்கு விழிப்புணர்வு இல்லாமையைக் காரணம் காட்டுவது நிர்வாகத்துக்கு வசதியாக இருக்கிறது.

அவையோரே, இந்தக் கல்லூரியையும் இதோடு இணைந்த மருத்துவமனையையும் நடத்தும் பெருமக்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது மூன்று. முதலாண்டு மாணவர் வார்டுக்குள் நுழையும் முன் அவர் டைட்டர் கோப்பில் இருக்கட்டும். ஒப்பந்தப் பணியாளரின் தடுப்பூசிப் பட்டியல் இல்லாமல் ஒப்பந்ததாரரின் பில்லில் யாரும் கையெழுத்திட வேண்டாம். பாசிட்டிவ் வந்தவரை வேலையை விட்டு நீக்க மாட்டோம் என்ற சுற்றறிக்கை அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் அறிவிப்புப் பலகையில் ஏறட்டும். மாணவியரே, அது ஏறாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.